பாட்டும் பகுத்தறிவும்: பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் செய்த வேலை

(ரெட்டியார்சத்திரத்தில் கூடிய பொதுக்கூட்டத்தில் தோழர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று எனக்குப் பேசக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் ஒரு சினிமாப் பாட்டுக்காரரைப் பற்றியதாகும். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். "காட்டு வேலையை விட்டு, வண்டி கட்டிக்கொண்டும் பஸ் ஏறிக்கொண்டும் வந்த ஜனங்களுக்குச் சொல்ல வேறு சங்கதி கிடைக்கவில்லையா? சாதி இருக்கிறது, வறுமை இருக்கிறது, மூடநம்பிக்கை இருக்கிறது. இதற்கு நடுவில் சினிமாப் பாட்டு என்ன வாழுகிறது?" என்று கேட்கவும் கேட்கலாம். அப்படிக் கேட்பது நியாயந்தான். ஆனால் நான் உங்களைத் திருப்பி ஒன்று கேட்கிறேன். இந்தச் சாதியும், இந்தத் தலைவிதியும், இந்தப் பேயும் பூதமும் நம்முடைய புத்திக்குள் எந்த வழியாக வந்து சேர்ந்தன? நம்முடைய பாட்டனும் பூட்டனும் எந்தப் புத்தகத்தைப் படித்து இவைகளைத் தெரிந்துகொண்டார்கள்? கையெழுத்துப் போடத் தெரியாத மனிதனுக்கு, அரிச்சந்திரன் சுடலை காத்த கதை எப்படித் தெரிந்தது? எமன் பாசக்கயிறு எப்படித் தெரிந்தது? "எல்லாம் அவன் எழுதின எழுத்து" என்பது எப்படித் தெரிந்தது?

எல்லாம் காது வழியாகத்தான் வந்தது. தொட்டிலில் கிடக்கும்போது தாலாட்டாக வந்தது. தெருவிலே கும்மியாக வந்தது. கூத்திலே விருத்தமாக வந்தது. பஜனை மடத்திலே தாளம் போட்டுக்கொண்டு வந்தது. கடைசியில் செத்தவன் தலைமாட்டிலே ஒப்பாரியாகவும் வந்தது. பள்ளிக்கூடம் எட்டிப் பார்க்காத ஊரிலும் பாட்டு போய் உட்கார்ந்துகொண்டது. நீங்களோ பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல் சீமைக்காரர்கள். எந்தத் துவாரத்தில் சாவியைப் போட்டுப் பூட்டினானோ அதே துவாரத்தில் சாவியைப் போட்டுத்தான் திறக்க முடியும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாட்டினால் பூட்டப்பட்ட புத்தியைப் பாட்டினாலேயே திறந்து பார்க்க முடியும் என்று காட்டிய மனிதர் ஒருவர் இருந்தார். அவர்தான் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். ஆகவேதான் அவரைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன்.

அவர் படித்த பள்ளிக்கூடம்

தஞ்சை ஜில்லா பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் செங்கப்படுத்தான்காடு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊரில் 1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 13-ந் தேதி ஒரு சாதாரண விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தகப்பனார் கும்மிப்பாட்டு எழுதத் தெரிந்தவர். கல்யாணசுந்தரத்துக்குப் பள்ளிப் படிப்பு என்பது மிகவும் கொஞ்சம். பிறகு அவர் செய்த தொழில்களைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். மாடு மேய்த்தார், மாட்டு வியாபாரம் செய்தார், மாம்பழம் விற்றார், இட்டலி விற்றார், முறுக்கு விற்றார், தேங்காய் விற்றார், கீற்று விற்றார், மீனும் நண்டும் பிடித்தார், உப்பளத்தில் வேலை செய்தார், தண்ணீர் வண்டி ஓட்டினார், மெஷின் ஓட்டினார், நாடகத்தில் நடித்தார். இப்படிப் பதினேழு தொழில் என்று கணக்குச் சொல்லுவார்கள்.

நம் நாட்டில் ஒருவன் பாட்டு எழுதினால், "அவன் நாக்கிலே காளி எழுதினாள், சரஸ்வதி எழுதினாள்" என்று ஒரு கதை கட்டிவிடுவது வழக்கம். அப்படிச் சொல்லிவிட்டால், உழைத்துப் பாடுபட்டு அறிவைத் தேடிக்கொண்டவனுடைய பெருமை தேவிக்குப் போய்விடும். நமக்கும் "நம்முடைய நாக்கில் எழுதவில்லையே, நாம் என்ன செய்வது" என்று சும்மா இருந்துவிட ஒரு சாக்குக் கிடைத்துவிடும். கல்யாணசுந்தரத்தின் நாக்கிலே எந்தத் தேவியும் எழுதவில்லை. உப்பளத்து வெயில் எழுதிற்று. சந்தைக் கூடை எழுதிற்று. விற்காமல் மீந்துபோன மாம்பழம் எழுதிற்று. அவருடைய பாட்டிலே வருகிற சொற்கள் எல்லாம் இந்த இடங்களில் கேட்ட சொற்களே தவிர, அகராதியில் தேடிய சொற்கள் அல்ல.

அவர் வாலிபராக இருந்த காலத்துத் தஞ்சை ஜில்லா எப்படிப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். சோழநாடு சோறுடைத்து என்று பெருமை பேசுகிற அதே பூமியில்தான், பண்ணையாள் என்று பெயர் வைத்து மனிதனை மாட்டோடு மாடாகக் கட்டி வைத்திருந்தார்கள். எதிர்த்துப் பேசினால் சவுக்கடி கொடுத்தார்கள். சாணிப்பாலைக் கரைத்து வாயில் ஊற்றினார்கள். இதை எதிர்த்து விவசாயத் தொழிலாளிகள் சங்கம் வைத்துப் போராடிய பிறகுதான், 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. இந்தக் கிளர்ச்சியின் காற்று பட்டு வளர்ந்தவர் கல்யாணசுந்தரம். பொதுவுடைமைக் கட்சியின் விவசாய இயக்கத்தில் அவர் சேர்ந்து வேலை செய்தார். ஜனசக்தி பத்திரிகையில் பாட்டு எழுதினார். மற்றொரு பக்கம், பட்டுக்கோட்டை என்பது சுயமரியாதைப் பிரசாரகர் அழகிரிசாமியின் ஊர். அதன் வாசனையும் அவருக்கு இருந்தது. பிறகு புதுச்சேரிக்குப் போய்ப் பாரதிதாசன் அவர்களிடம் இருந்து பாட்டுத் தொழிலைக் கற்றுக்கொண்டார். சக்தி நாடக சபையிலும் நடிகராக இருந்தார்.

இப்படிப்பட்டவர் சினிமாவுக்குப் போய் ஐந்து வருஷ காலந்தான் பாட்டு எழுதினார். சுமார் இருநூறு பாட்டு எழுதியிருப்பார். 1959-ஆம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி, இருபத்தொன்பதாவது வயதில், மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு முடிவெய்திவிட்டார்.

அவர் பாட்டிலே என்ன சொன்னார்?

தோழர்களே! அவருடைய பாட்டை நான் இங்கே பாடப்போவதில்லை. எனக்குத் தொண்டையும் கிடையாது. அவைகளிலே என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதை மாத்திரம் எடுத்துச் சொல்லுகிறேன்.

1958-ல் வந்த "நாடோடி மன்னன்" படத்தில் ஒரு ஆணும் பெண்ணும் பாடுகிறார்கள். தரிசாகக் கிடந்த நிலத்தைத் திருத்தி, உழுது, நாற்றுநட்டு, விளையவைத்த கதையை ஆண் சொல்லுகிறான். உடனே அந்தப் பெண், "விளைந்தது சரி, நமக்கு என்ன மிஞ்சிற்று?" என்கிற கேள்வியைப் போடுகிறாள். இந்தக் கேள்வியைப் பெண் கேட்கும்படி எழுதியதை நீங்கள் கவனிக்க வேண்டும். அடுப்பில் வைக்க அரிசி இருக்கிறதா இல்லையா என்பது பெண்ணுக்குத்தானே முதலில் தெரியும்? அதற்கு ஆண் சொல்லுகிற பதில் தலைவிதி அல்ல. பூர்வ ஜென்மத்துப் பாவம் அல்ல. உண்டாக்குகிறவன் ஒருவன், சுருட்டிக்கொள்ளுகிறவன் வேறொருவன், இதுதான் காரணம், இது மாறும் என்பதே பதில். ஒரு பொருளாதாரப் புத்தகம் நூறு பக்கத்தில் சொல்லுவதை, நடவு நடுகிற பெண்ணும் பாடக்கூடிய மெட்டில் சொல்லிவிட்டார்.

அதே படத்தில் இன்னொரு பாட்டு, தூங்கிக் கிடக்கிற வாலிபனைத் தட்டி எழுப்புகிறது. காலத்தை எல்லாம் வீணாக்கிவிட்டு, பிறகு அதிர்ஷ்டம் இல்லை என்று மூக்கைச் சிந்துகிறவர்களை அதிலே கேலி செய்கிறார். அதிர்ஷ்டம் என்ற வார்த்தை இல்லாவிட்டால் நம் நாட்டில் எத்தனை பேர் பிழைப்புக் கெட்டுப்போகும் என்று யோசித்துப் பாருங்கள். சோசியன் பிழைப்புப் போகும். கிளி சீட்டு எடுத்துக் கொடுக்கிறவன் பிழைப்புப் போகும். கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, "உனக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவுதானப்பா" என்று சொல்லுகிற முதலாளியின் பிழைப்பும் போகும்.

"அரசிளங்குமரி" என்ற படம் 1961-ல், அவர் முடிவெய்திய பிறகு வெளிவந்தது. அதிலே ஒரு சிறு பையனுக்குப் புத்தி சொல்லுகிற பாட்டு இருக்கிறது. பேய் மரத்தின்மேல் நின்று ஆடுகிறது என்று சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்துகிற பெரியவர்களை அதிலே கண்டிக்கிறார். விளையாடப் போகும்போது வேலையற்ற வீணர்கள் இப்படிக் கதை அளப்பார்கள், அதை வேடிக்கையாகக்கூட நம்பாதே என்று பையனுக்கு எச்சரிக்கை கொடுக்கிறார். தாய்மார்களே! இது உங்களுக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சோறு தின்னாத பிள்ளைக்குப் பூச்சாண்டியைக் காட்டுகிறோம். தூங்காத பிள்ளைக்கு முனியைக் காட்டுகிறோம். பிள்ளை அப்போதைக்குத் தின்றுவிடும், தூங்கிவிடும். ஆனால் அன்றைக்கு உள்ளே போன பயம் எப்போது வெளியே வருகிறது? வளர்ந்து வேலைக்குப் போன இடத்தில், கணக்கில் ஏன் குறைகிறது என்று கேட்கவேண்டிய நேரத்தில், வாய் வராமல் நிற்கிறானே, அப்போது வருகிறது. இருட்டுக்குப் பயந்தவன் மேஸ்திரிக்கும் பயப்படுவான். மேஸ்திரிக்குப் பயந்தவன் எவனுக்கும் பயப்படுவான். பயத்தைப் பழக்குவது என்பது அடிமைத்தனத்தைப் பழக்குவதே ஆகும்.

அதே 1961-ல் வந்த "திருடாதே" படத்தின் பாட்டும் குழந்தைக்குச் சொல்லுவதுதான். திருடாதே என்று சொல்லுவதிலே என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். திருடினால் நரகத்தில் எண்ணெய்க் கொப்பரை என்று மற்றவர்கள் சொன்னார்கள். இவரோ, சட்டம் போட்டு மாத்திரம் திருட்டை ஒழித்துவிட முடியாது, திருடுகிறவனே மனம் மாறவேண்டும் என்றார். அதோடு நிறுத்தாமல், இருக்கிற பொருள் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டால் எடுக்கிறவனும் இருக்கமாட்டான், பதுக்குகிறவனும் இருக்கமாட்டான் என்றும் சேர்த்துக்கொண்டார். இவ்வளவையும் ஒரு சிறு குழந்தைக்குப் புரியும் பாஷையில் சொன்னார். நரகத்தின் உதவி இல்லாமலே ஒழுக்கத்தைச் சொல்லிக் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன ருசு வேண்டும்?

அவருக்கு முன்னும், வேறு நாட்டிலும்

நிற்க, இவர் ஒருவர்தான் இந்த வேலையைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. இந்தச் சாலையிலேயே மேற்கே போனால் ஒட்டன்சத்திரம், பழனி தாண்டி உடுமலைப்பேட்டை வருகிறது. அதற்குப் பக்கத்துப் பூளவாடியில் 1899-ல் பிறந்த நாராயணகவி, கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அவர்களுக்குச் சிரிப்போடு சிந்தனையையும் சேர்த்துப் பாட்டு எழுதிக் கொடுத்தவர். 1952-ல் வந்த "பராசக்தி" படத்தில், கிடைத்ததைக் கூவி அழைத்துப் பகிர்ந்து தின்னுகிற காக்கையைக் காட்டி மனிதனை வெட்கப்பட வைத்தவர் அவர்தான். 1981-ல் முடிவெய்தினார்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஸ்வீடன் தேசத்திலிருந்து அமெரிக்காவுக்குக் கூலி வேலைக்குப் போன ஜோ ஹில் என்பவர், தெருவிலே பாதிரிமார் பாடுகிற பக்திப் பாட்டின் மெட்டையே எடுத்துக்கொண்டு, அதிலே தொழிலாளியின் வார்த்தையைப் போட்டுப் பாடினார். பசித்தவனுக்கு மேல்லோகத்துச் சாப்பாட்டைக் காட்டி ஏமாற்றுகிறவர்களை அவர்களுடைய மெட்டினாலேயே அடித்தார். 1915-ல் அவர்மேல் ஒரு கொலைக் குற்றத்தைச் சாட்டிச் சுட்டுக்கொன்றார்கள். அவர்தான் கொன்றார் என்பதை இன்றுவரை பலர் ஒப்புக்கொள்ளவில்லை. இங்கிலாந்திலே 1984-ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் ஒரு வருஷ காலம் வேலைநிறுத்தம் செய்தபோது, பில்லி பிராக் என்ற வாலிபப் பாட்டுக்காரர் அவர்களுக்காகக் கச்சேரி செய்து நிதி சேர்த்துக் கொடுத்தார். எந்தத் தேசமானாலும், உழைக்கிறவனுக்குப் பத்திரிகை போய்ச் சேருவதற்கு முன்னால் பாட்டு போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதையே இவை காட்டுகின்றன.

குறையும் இருக்கிறது

கல்யாணசுந்தரம் எழுதியதெல்லாம் பகுத்தறிவுப் பாட்டு என்று நான் சொன்னால் அது பொய்யாகும். சினிமா என்பது முதல் போட்டவனுடைய வியாபாரம். கதை அவனுடையது, மெட்டு மற்றொருவருடையது. இவர் நடுவிலே வார்த்தை போடுகிறவர். "பதிபக்தி" என்று பெயர் வைத்த படத்துக்கும் அவர் பாட்டு எழுதியிருக்கிறார். புருஷனுக்குப் பக்தி செய்வதே பெண்ணின் வேலை என்று அந்தப் பெயரே சொல்லுகிறது. கதைக்கு வேண்டியபோது சாமிப் பாட்டும் எழுதினார்; காதல் பாட்டும் நிறைய எழுதினார். 1959-ல் வந்த "கல்யாணப் பரிசு" படத்தின் பாட்டுகள் எல்லாம் அவருடையவைதான். இதற்காக அவரைத் தூற்றவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிறனுடைய கடையில் உட்கார்ந்துகொண்டு, கிடைத்த இடத்திலெல்லாம் தன்னுடைய சரக்கை உள்ளே வைத்து அனுப்பினார் என்பதுதான் அவர் செய்த காரியம். அவர் சொன்னார் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாமல், சரியானதை எடுத்துக்கொண்டு, தப்பானதைத் தப்பு என்று சொல்லுவதே அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதையாகும்.

ஆனால் கூலி விஷயத்தில் அவர் தலை குனிந்தவர் அல்ல. எழுதின பாட்டுக்குப் பணம் கேட்கப் போன இடத்தில், ஒரு படமுதலாளி அவரை உட்காரச் சொல்லாமல் நிற்க வைத்ததாகவும், என்னை நிற்கச் சொல்ல நீ யார் என்கிற கருத்தில் நாலு வரி எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு அவர் வெளியேறிவிட்டதாகவும், பிறகு பணம் வீடு தேடி வந்ததாகவும் ஒரு செய்தி பலராலும் சொல்லப்படுகிறது. உழைத்ததற்குக் கேட்பது பிச்சை அல்ல என்ற எண்ணம் ஒருவனுக்கு இருந்துவிட்டால், அவனுக்கு வேறு சுயமரியாதைப் பாடம் தேவையில்லை.

நாம் செய்தது என்ன?

பட்டுக்கோட்டையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. பாட்டுகளை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இன்றைக்கு ஒரு டீக்கடையில் அவர் பாட்டு ஒலித்தால், "இது எம்.ஜி.ஆர். பாட்டு" என்கிறோம். திரையிலே வாயசைத்தவர் பேர் தெரிகிறது. பாடியவர் பேர் தெரிகிறது. வார்த்தையை உண்டாக்கியவர் பேர் பலருக்குத் தெரிவதில்லை. அந்தப் பாட்டுகளினால் பேர் வளர்ந்த நடிகர் 1977-ல் முதலமைச்சரே ஆனார். விளைவித்தவன் ஒருவன், விளைச்சல் சேருகிற இடம் வேறு என்று அவர் எழுதிய நியாயம் அவருக்கே வந்து சேர்ந்தது.

அதையாவது மன்னிக்கலாம். அவர் திறந்துவிட்ட வழியை நாம் யாருக்கு விட்டுக் கொடுத்திருக்கிறோம் என்று பாருங்கள். தைப்பூசக் காலத்தில் இந்தத் திண்டுக்கல்–பழனி சாலையில் நடந்து போகிற கூட்டத்தின் ஒலிபெருக்கியைக் கேளுங்கள். போன வருஷத்துச் சினிமா மெட்டில் இந்த வருஷத்துச் சாமிப் பாட்டு வருகிறது. ஜோ ஹில் பாதிரியிடமிருந்து மெட்டைப் பிடுங்கினார். இங்கே நம்மிடமிருந்து மெட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள்.

அதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. நம்முடைய வாலிபப் பிள்ளைகள் ஊர்த் திருவிழாவிலும், கல்யாண ஊர்வலத்திலும், கையிலிருக்கும் டெலிபோனிலும் என்ன பாட்டு வைக்கிறார்கள்? எங்கள் சாதி ஆண்ட சாதி, எங்கள் கையில் அரிவாள் இருக்கிறது, எதிர்த்தவன் தொலைந்தான் என்கிற பாட்டு அல்லவா வைக்கிறார்கள்? அது பாட்டுத்தானே என்று பெரியவர்கள் சும்மா இருக்கிறார்கள். அடுத்த தெருக்காரன் வாசலுக்கு நேரே வந்ததும் சத்தத்தைக் கூட்டுகிறார்களே, அது ஏன்? பாட்டுத்தான் என்றால் அங்கே மாத்திரம் ஏன் கூட்டவேண்டும்? முதலில் சத்தம் ஏறுகிறது. பிறகு கல் பறக்கிறது. பிறகு போலீஸ் வருகிறது, கேஸ் வருகிறது. கடைசியில் ஜாமீனுக்குத் தாலியை அடகு வைக்கிறவள் பெற்ற தாய். அந்தப் பாட்டை எழுதி விற்றவனோ, அந்தச் சாதித் தலைவனோ ஜாமீன் கொடுக்க வருவதில்லை. இந்தப் பிள்ளைகளும் பகலெல்லாம் நூல் மில்லிலும் தோல் ஷாப்பிலும் காய்கறித் தோட்டத்திலும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே கூலி வாங்குகிறவர்கள்தான். ஒரே முதலாளியிடம் சேர்ந்து கூலி உயர்த்திக் கேட்கவேண்டியவர்களை, ராத்திரியில் ஒரு பாட்டைப் போட்டுப் பிரித்துவிட முடிகிறது என்றால், பாட்டின் வேலை எவ்வளவு பெரியது என்பதை நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

ஆகையால் தோழர்களே! நான் உங்களிடம் கேட்டுக்கொள்ளுவது அதிகம் ஒன்றுமில்லை. கல்யாணசுந்தரம் படத்துக்கு மாலை போட வேண்டாம். சூடம் காட்டவும் வேண்டாம். ஒரு பாட்டைக் கேட்டால், இதிலே யாருக்கு இழிவு சொல்லப்படுகிறது, யாருக்கு லாபம் வருகிறது, இது என் பிள்ளைக்குத் தைரியத்தைக் கொடுக்கிறதா, பயத்தையும் திமிரையும் கொடுக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மைக்செட்டுக்காரரிடம் பணம் கொடுக்கும்போதே, சாதிப் பாட்டு போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பணம் கொடுக்கிறவர் நீங்கள். சொல்ல உங்களுக்குப் பாத்தியம் உண்டு. தாய்மார்கள் பேய்க் கதை சொல்லிப் பிள்ளையைத் தூங்க வைக்காமல் இருந்தால் போதும். இந்தக் கூட்டத்தில் பாட்டுக் கட்டத் தெரிந்த பிள்ளைகள் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்குச் சொல்லுகிறேன்: அவரைப் போலவே எழுதவேண்டும் என்பதில்லை. நீங்கள் வேலை செய்கிற மில்லில், தோட்டத்தில், ஷாப்பில் காதால் கேட்ட வார்த்தையிலே, கண்ணால் கண்ட அநியாயத்தைச் சொல்லுங்கள். மெட்டு எங்கேயிருந்து வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்னவைகளையும் அப்படியே நம்பிவிடாமல் உங்கள் அறிவைக் கொண்டு யோசித்துப் பார்த்து, சரி என்று பட்டதை மாத்திரம் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு, என் வார்த்தைகளை முடித்துக்கொள்ளுகிறேன்.